கொலைகாரன் ஓரம் தைக்க மாட்டான்

விரித்துப் போட்டதும் அந்த உடை மேஜையைத் தாண்டித் தரையில் வழிந்தது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே அகலமாய் ஒரு துணி, இரண்டு கால்களுக்கும் நடுவே இன்னொரு துணி. ஃபெமினா அதை ஒருமுறை சுற்றி வந்தாள்.

“வௌவாலுக்குக் கல்யாணமா சார்?”

துப்பறியும் பீமராவ் உடையின் மேல் குனிந்தார். பீமன் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்கேற்ற உடம்பைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவதில்லை என்று பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க ஃபெமினா சொல்லி வைத்திருந்தாள். அங்கிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அம்மா மண்டபம் சாலையில் ஒரு காப்பிக்கடையின் மாடியில் இருந்த இந்த அலுவலகத்தில் பாதி நேரம் வேலையும் முழு நேரம் வாயுமாக இருப்பவள் அவள்.

உடைக்குச் சொந்தக்காரர் ஹாலித் எதிரே அமர்ந்திருந்தார். நல்ல உயரம், சிரித்த முகம், இன்றைக்கு மட்டும் சிரிப்பு இல்லை. வளைகுடாவில் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தபோது, விடுமுறை நாட்களில் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டவர். ஊர் திரும்பியதும் விராலிமலையைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தை வாடகைக்குப் பிடித்து, பாராசூட் பயிற்சி முகாம் நடத்துகிறார். மேஜை மேல் கிடந்தது விங்சூட். இதை மாட்டிக்கொண்டு குதித்தால் கல் மாதிரி விழாமல் பறவை மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம். போதுமென்று தோன்றும்போது பாராசூட்டை விரித்து இறங்க வேண்டும். சாதாரணமாக இருநூறு தடவையாவது குதித்திருந்தால்தான் இதைத் தொடவே விடுவார்களாம்.

“நாளைக்குக் காலைல என் ஸ்டூடண்ட் ஒருத்தங்களுக்கு முதல் விங்சூட் பறப்பு. கூடவே நான் பறக்கணும். அதுக்குள்ள பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கான்னு.”

இரண்டு தொடைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு ஓட்டை. உடை முகாம் அறையில் பூட்டி வைத்திருந்ததாகவும், வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால் இப்படி என்றும் ஹாலித் சொன்னார். பழைய தொழில் கூட்டாளி பிரஹலாத்திடம் அந்த அறையின் சாவி ஒன்று இன்னும் இருக்கிறது. போன வருடம் கோபித்துக்கொண்டு போய்த் தனியாக முகாம் தொடங்கியவர் அவர். தன்னை ஒழித்துக்கட்ட அவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது ஹாலித்தின் கட்சி.

பீமராவ் ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வெட்டு நேராக இல்லை. சின்னச் சின்னப் பல்லாக, அழகாக, ஒரே சீராக ஓடியது.

“ஜிக்ஜாக் கத்தரிக்கோல்,” என்றாள் ஃபெமினா. “துணி பிரியாம இருக்கறதுக்கு டெய்லருங்க வச்சிருப்பாங்க.”

அது மட்டுமல்ல. விளிம்பை ஊதுபத்தியால் தொட்டுத் தொட்டு உருக்கி, நூல் பிரியாமல் அடைத்திருந்தது. விளிம்பைச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள். எதையோ தைத்துப் பிறகு பிரித்த தடம். ஒரு துளையில் மட்டும் ரோஸ் நிற நூல் துணுக்கும், அதன் அடியில் அரிசி மணி அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டும் சிக்கியிருந்தன. பீமராவ் இரண்டையும் எடுத்து ஒரு பழைய சினிமா டிக்கெட்டில் மடித்து வைத்தார்.

“இந்த ஓட்டையோட குதிச்சா செத்துப் போயிருவீங்களா ஹாலித்?”

ஹாலித் கொஞ்சம் இழுத்தார். காற்று லேசாகப் போகும், பறப்பு கொஞ்சம் கோணும் என்றார். பீமராவ் விடவில்லை, ஆமாவா இல்லையா என்று கேட்டார்.

“இல்ல.”

“ஒருத்தரைக் கொல்ல வர்றவன் கிழிப்பான், அறுப்பான். ஓரம் தைக்க மாட்டான். ஆளுதான் சாகப்போறானே, துணி பிரிஞ்சா இவனுக்கு என்ன?”

கீழேயிருந்து காப்பி வந்தது. ஹாலித் டம்ளரை வாய்க்குக் கொண்டு போகவில்லை, வாயை டம்ளருக்குக் கொண்டு வந்தார். குனிந்து, மேஜையோடு மேஜையாக உறிஞ்சினார். ஸ்ரீரங்கத்தில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பவர்களைப் பார்த்துப் பழகிய பீமராவுக்கு அது கண்ணில் உறுத்தியது. சாயங்காலத்துக்குள் உடையை வீட்டில் சேர்த்துவிட வேண்டும், தன் உயரத்துக்கு இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு ஹாலித் கிளம்பினார். தோளில் மாட்ட வேண்டிய பையை அவர் தரையோடு இழுத்துக்கொண்டு போனதையும் பீமராவ் பார்த்தார்.

“ஏன் சார் முறைக்கிறீங்க? காப்பிக்குக் காசு நம்ம கணக்குதான்,” என்றாள் ஃபெமினா.

* * *

அந்த மாணவி கோதா, உத்திர வீதியில் இருந்தாள். வங்கியில் வேலை, சனி ஞாயிறுகளில் ஆகாயம். வாசலில் அவளுடைய அப்பா, மகள் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகட்டும், ஆனால் பெருமாளின் விமானத்துக்கு மேலே மட்டும் பறக்கக்கூடாது என்பதே தம் ஒரே நிபந்தனை என்றார். ஓடுதளம் விராலிமலைப் பக்கம் இருப்பதால் ரங்கநாதருக்கு இடைஞ்சல் இல்லை என்று தெரிந்து சமாதானம் ஆகியிருக்கிறாராம்.

தன் சூட்டும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று கோதா முதலில் பதறினாள். அவளுடையதில் ஒரு கீறலும் இல்லை. விங்சூட்டை எப்படி மாட்டுவார்கள் என்று செய்து காட்டும்படி பீமராவ் கேட்டார். அவள் சுடிதாருக்கு மேலேயே பாராசூட் பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை. ஒவ்வொரு தொடையையும் சுற்றி ஒரு தடித்த பட்டை, பளீரென்ற ஆரஞ்சு நிறம்.

“இந்த லெக் ஸ்ட்ராப்தான் உயிர். இதுக்கு மேல விங்சூட்டை இழுத்து ஜிப் போட்டுட்டா, உடம்பு பூரா இறுக்கமா இருக்கும். ஸ்ட்ராப்பை மாட்டலேன்னாலும் மாட்டின மாதிரியேதான் இருக்கும், வெளியிலேர்ந்தும் தெரியாது. புதுசாக் கத்துக்கறவா மறக்க மாட்டா. பயத்துல நாலு தடவை தொட்டுப் பார்த்துப்பா. நிறையக் குதிச்சவாதான் மறப்பா.”

அதனால்தான் ஹாலித் ஒரு சட்டம் வைத்திருக்கிறார் என்றாள். உடை மாட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது. பேசிவிட்டால், மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“வாயை மூடிட்டு நிக்கணுமா? நமக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது,” என்றாள் ஃபெமினா.

பீமராவ் ஹாலித்தின் உடையை எடுத்துக் கோதாவின் கால்கள் மேல் விரித்துப் பிடிக்கச் சொன்னார். இடது ஓட்டையில் ஆரஞ்சு தெரிந்தது. வலது ஓட்டையிலும் ஆரஞ்சு தெரிந்தது. வெட்டியவர் அளவெடுத்து வெட்டியிருக்கிறார்.

பீமராவ் இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஸ்ட்ராப் மாட்டாம குதிச்சுட்டா என்னம்மா ஆகும்?”

“பாராசூட் விரியறச்சே பை மேல போகும், ஆள் கீழ நழுவிடுவான். அதிர்ஷ்டம் இருந்தா மார்ப்பட்டையில சிக்கிண்டு, ரெண்டு கக்கத்துலயும் தொங்கிண்டே வந்து சேரலாம்.” கோதா நிறுத்தினாள். “ஏன் சார் கேக்கறேள்?”

தெரிந்துகொள்ளத்தான் என்றார் பீமராவ். படி இறங்கியதும் ஃபெமினா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கையைத் தூக்கினா வலிக்குது. அதான் டம்ளருக்குக் குனிஞ்சாரு. சார், நம்ம ஆளு ஸ்ட்ராப் மாட்டாம குதிச்சிருக்காரு.”

“குதிச்சவர் மறைக்கிறார். அது தெரிஞ்ச யாரோ, ஸ்ட்ராப் வெளியில தெரியறதுக்கு ஜன்னல் வச்சிருக்காங்க. அந்த யாரோ யாரு?”

அவர் சினிமா டிக்கெட்டைப் பிரித்து அந்தப் பிளாஸ்டிக் துண்டை நீட்டினார். சோபா உறையா, புத்தக அட்டையா என்று அவருக்குப் புரியவில்லை. ஃபெமினா நகத்தால் மடக்கிப் பார்த்தாள். அது மடங்காமல் நிமிர்ந்தது. ரோஸ் நூலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“இது கூடவா தெரியாது? கல்ஃப்லேருந்து குண்டுப் போர்வை வருமில்ல, அது வர்ற பை சார். சுத்தி ரோஸ் பட்டி, நடுவுல கண்ணாடி மாதிரி. அந்தப் பையை எந்த வீட்லயும் தூக்கிப் போட மாட்டாங்க. எங்க வீட்டு கிறிஸ்துமஸ் ஸ்டாரே அப்படி ஒரு பைலதான் இருக்கு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வருசம் கெஞ்சி அம்மா வாங்கினாங்க.”

“அப்படிப்பட்ட பையை ஒருத்தர் வெட்டியிருக்காங்கன்னா?”

“ரொம்ப வேண்டியவங்களுக்காகத்தான் வெட்டியிருப்பாங்க,” என்றாள் ஃபெமினா, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

* * *

காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தின் நெரிசலில் இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, ஃபெமினா பழைய நகரத்துக்கு வந்து சேர்ந்தாள். பின்னால் மடியில் விங்சூட்டோடு பீமராவ் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆகாயத்தில் பறப்பதே பாதுகாப்பு என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஹாலித்தின் வீட்டு முன்னறையில் அவர் மனைவி வஹீதா தையல் மிஷினில் இருந்தாள். அக்கம்பக்கத்துக்கு புர்காவும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பவள். ஜிக்ஜாக் கத்தரிக்கோல் மிஷின் மேலேயே கிடந்தது. ஹாலித் உள்ளிருந்து வந்தார், உட்காரச் சொன்னார், நன்னாரி சர்பத் வந்தது. பீமராவ் கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பரணைப் பார்த்தார். ரோஸ் பட்டி வைத்த பைகளில் போர்வைகள் வரிசையாக இருந்தன. ஒரே ஒரு போர்வை மட்டும் பழைய கைலியில் மூட்டையாகக் கட்டியிருந்தது.

“அந்தப் போர்வைக்கு மட்டும் பை இல்லியேம்மா?”

வஹீதா மிஷினை நிறுத்தினாள். கணவரை ஒருமுறை பார்த்தாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

“அது இவங்க உயிருக்குப் போச்சு சார்.”

ஹாலித் கிளாஸைத் தட்டில் வைத்தார். பிரஹலாத், சாவி, முகாம் அறை என்று மறுபடி தொடங்கினார். உடை முகாமிலேயே இல்லை, இந்த வீட்டில்தான் இருந்தது என்று பீமராவ் குறுக்கே சொன்னதும் நிறுத்திக்கொண்டார்.

வஹீதா சொன்னது சுருக்கம். பதினைந்து நாளைக்கு முன்னால் கணவர் பைக்கிலிருந்து விழுந்ததாக வந்து படுத்தார். தைலம் தேய்க்கப்போனபோது முட்டியில் சிராய்ப்பே இல்லை. இரண்டு கக்கத்திலும் கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. பைக்கிலிருந்து விழுந்தவனுக்குக் கக்கத்தில் எப்படி அடிபடும் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். மாணவர்களுக்காக ஹாலித் எடுத்த பாட வீடியோக்கள் இந்த அறையில்தான் ஓடும், தைத்துக்கொண்டே கேட்பாள். ஸ்ட்ராப்பை மறந்தால் எங்கே அடிபடும் என்று அவரே ஒரு வீடியோவில் தொட்டுத் தொட்டுக் காட்டியிருந்தார்.

“நேராச் சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றாள் ஃபெமினா.

“சொன்னா இவங்க என்னைச் சிரிக்க வச்சிருவாங்கம்மா. சிரிச்சு முடிச்சுப் பாத்தா வாசல்ல பைக் இருக்காது. குதிக்காதீங்கன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்குப் பயமா இருக்கு, அதான் நெசம். மாட்டியிருக்கீங்களா இல்லியான்னு வெளியிலேருந்து யாருக்காவது தெரியட்டும்னு ரெண்டு ஜன்னல் வச்சேன்.”

“வச்சீங்க. ஆனா எங்கிட்ட வந்தப்போ ஜன்னல் இல்ல. வெறும் ஓட்டைதான் இருந்தது,” என்றார் பீமராவ்.

வஹீதாவின் முகம் மாறியது. தான் இரட்டைத் தையல் போட்டதாகச் சொன்னாள். எழுந்து வந்து உடையைப் பிரித்துப் பார்த்தாள். காலி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“பிரிச்சது நீங்கதானே ஹாலித்?” என்றார் பீமராவ். “ஜன்னலைப் பாத்ததுமே உங்களுக்கு அர்த்தம் புரிஞ்சுபோச்சு. யாருக்கோ விஷயம் தெரியும். கொல்ல வந்தவனைப் பிடிக்க நீங்க எங்கிட்ட வரல. தெரிஞ்சவங்க யாருன்னு கண்டுபிடிக்க வந்தீங்க.”

ஹாலித் உடையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். பிளேடால் பிரித்ததாக ஒத்துக்கொண்டார். அன்று உடை மாட்டிக்கொண்டிருந்தபோது யாரோ செல்ஃபி கேட்டார்கள், சிரித்துக்கொண்டே நின்றார், பிறகு ஜிப்பைப் போட்டார், அவ்வளவுதான். தொங்கிக்கொண்டு இறங்கிய அந்த நேரம் முழுக்க வஹீதாவின் முகம்தான் தெரிந்தது என்றார். ஸ்ட்ராப்பை மறந்த வாத்தியாரிடம் யார் வந்து கற்றுக்கொள்வார்கள்? கோதா பார்த்திருப்பாளோ, பிரஹலாத்துக்கு எட்டியிருக்குமோ என்று தூக்கம் போயிற்று. சொந்த வீட்டை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. உடை இருக்கும் பையை வஹீதா ஒருநாளும் தொட்டதில்லை.

“நாளைக்குக் கோதா உங்களை நம்பி விமானக் கதவைத் தாண்டப் போறா,” என்றார் பீமராவ். “பறக்கறதுக்கு முன்னாடி நீங்க அவகிட்டச் சொல்லணும். இல்லேன்னா நான் சொல்வேன்.”

ஹாலித் தலையாட்டினார். ஜன்னலுக்கும் சம்மதம், ஆனால் ஒன்று போதும், இரண்டு வைத்தால் மீன் தொட்டி மாதிரி இருக்கும் என்றார். பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

வஹீதா சிரிக்கவில்லை. பரணில் ஏறி இன்னொரு பையை இறக்கினாள்.

“கால் ரெண்டு இருக்கே,” என்றாள்.

* * *

மறுநாள் காலை ஓடுதளத்தில் காற்று சன்னமாக இருந்தது. சிறிய விமானம் ஒன்று நின்றது. விராலிமலை மயில்கள் இரண்டு அதன் இறக்கை நிழலில் உலாத்தின. பறக்கத் தெரிந்ததுகளே நடந்து போகும்போது இந்த மனுஷர்களுக்கு என்ன கேடு என்று ஃபெமினா மயில்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். வஹீதா முதல்முறையாக முகாமுக்கு வந்திருந்தாள், தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஹாலித் கோதாவை அழைத்துப் போய்ச் சொன்னார். பீமராவுக்குக் குரல் கேட்கவில்லை, ஹாலித்தின் தலை குனிந்திருந்தது மட்டும் தெரிந்தது. கோதா கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கோபமாய் ஏதாவது சொல்வாள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பீமராவ் எதிர்பார்த்தார். அவள் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்கு அவர் தன்னைச் சோதித்த பிறகு, தானும் அவரைச் சோதிக்க வேண்டும்.

பெரிய பாரம் இறங்கிய மனிதராக ஹாலித் திரும்பி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். பையை மாட்டினார், மார்ப்பட்டையைப் பூட்டினார், குனிந்து வலது தொடைப்பட்டையை இழுத்தார்.

வழக்கு நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில் ஃபெமினா பக்கத்தில் போய் நின்றாள். மேலேயிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியுமா என்று கேட்டாள்.

ஹாலித் நிமிர்ந்தார். வானம் தெளிந்திருந்தால் மலைக்கோட்டை மட்டுமா, காவிரியும் கொள்ளிடமும் இரண்டு கோடாகத் தெரியும், நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரியும் என்று வடக்கே பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே உடையை மேலே இழுத்தார். ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறியது.

விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியது. ஹாலித் கோதாவை மேலிருந்து கீழ்வரை சோதித்துவிட்டு, வேடிக்கையாக ஒரு சலாம் போட்டார். இப்போது கோதாவின் முறை. பின்பக்கம் பார்த்தாள், கைப்பிடிகளைத் தொட்டாள், முழங்காலிட்டாள்.

வலது ஜன்னலில் ஆரஞ்சு தெரிந்தது.

இடது ஜன்னலில் சாம்பல் நிற டிராக் பேண்ட் தெரிந்தது.

கோதா சத்தம் போடவில்லை. அந்த ஜன்னலின் மேல் ஒரு விரலை வைத்து, அண்ணாந்து அவரைப் பார்த்தாள். ஹாலித் குனிந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, மனது சுத்தமாகி, அதே தப்பை மறுபடியும் செய்திருந்தார்.

“முதல்லேர்ந்து,” என்றாள் கோதா.

விமானியிடம் சைகை காட்டினாள். விசிறி நின்றது. ஹாலித் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கழற்றினார். பிறகு ஒவ்வொன்றாக மாட்டினார். இடது பட்டையை இழுத்து, வலது பட்டையை இழுத்து, மறுபடி இடதைத் தொட்டார். ஜிப்பை ஏற்றியதும் தானாகவே இரண்டு கால்களையும் கோதாவிடம் காட்டினார். பிறகு திரும்பி, தூரத்து நாற்காலியையும் பார்த்து ஒருமுறை காட்டினார்.

வஹீதா எழுந்து நின்று இரண்டு விரல்களை உயர்த்தினாள். ஹாலித் தலையாட்டிவிட்டு விமானத்தில் ஏறினார்.

விமானம் ஒரு புள்ளியாகும்வரை பீமராவ் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்கள் பயந்து ஓடியிருந்தன. இவ்வளவு நேரமாகப் பக்கத்திலிருந்து ஒரு கிண்டலும் வராதது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். ஃபெமினா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வஹீதா அவள் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல், தோளில் கை போட்டு நின்றாள்.

கீழே இருந்த மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அங்கே ஒரு பாராசூட் விரிந்தது. பிறகு இன்னொன்று.